ஒளிக்கூறு செய்ய நுண்துளைச் சிலிக்கனா, வேறு வழியா? யாழ்ப்பாணத்திலிருந்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலிருந்தும் கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விதான் வருகிறது. சிலிக்கனை ஒளிர வைக்கலாம் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். கொஞ்சம் அமிலமும் மின்னோட்டமும் இருந்தால் போதும், கோடிக்கணக்கில் இயந்திரம் தேவையில்லை என்றும் படித்திருக்கிறார்கள். "அப்ப நாங்களும் செய்யலாம்தானே சேர்?" என்று கேட்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் என்ன ஒளிக்கூறு, அதாவது ஒளியை உண்டாக்கும் அல்லது கையாளும் பாகம், செய்யப் போகிறீர்கள் என்று தெரியாமல் அது நல்ல தெரிவா, வீண் ஆபத்தா என்று சொல்ல முடியாது. சிலிக்கனில் அந்த அமிலத்தால் நுண்துளை போடுவது ஒரு வழி. ஒளிரும் கூறுகளைக் கடையில் வாங்கிச் சுற்றமைப்பது இன்னொரு வழி. சில்லை (சிப்) இங்கே வடிவமைத்து வெளிநாட்டில் செய்விப்பது மூன்றாவது. கண்ணாடித் தகட்டில் டைட்டேனியம் டையொக்சைட்டும் சிலிக்காவும் மாறி மாறிப் பூசுவது நான்காவது. நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து நிறுப்பது

முதற் கேள்வி, கூறு செய்ய வேண்டிய வேலை. ஒளியை உண்டாக்குவது, வடிப்பது அல்லது தெறிக்கச் செய்வது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, ஒளியால் ஒரு பொருளை உணர்வது என்று நான்கு வேலைகள் உண்டு. நான்கையும் ஒரே பொருள் நன்றாகச் செய்யாது. பெரும்பாலான குழப்பம் இதைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

இரண்டாவது, கழிவு எங்கே போகும் என்பது. மற்ற ஊர்களில் இதைக் கடைசியில் வைப்பார்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாமல் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே குடிக்கும் குடாநாட்டில் நான் இதை மேலே வைக்கிறேன்.

பிறகு வருபவை எல்லோருக்கும் தெரிந்தவை: இருக்கிற கருவிகளால் செய்ய முடியுமா, உப்புக்காற்றிலும் ஈரத்திலும் எவ்வளவு காலம் நிலைக்கும், காசும் காலமும் எவ்வளவு. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கூறு செய்யும் செலவோடு அதை அளக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சில வழிகளில் அளக்கும் செலவுதான் பெரிது.

## வழி ஒன்று: நுண்துளைச் சிலிக்கன்

1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஊலிர், இங்கெபோர்க் ஊலிர் இருவரும் ஐதரோபுளோரிக் அமிலத்தில் மின்னோட்டம் செலுத்திச் சிலிக்கனை மெருகேற்ற முயன்றபோது மேற்பரப்பில் நிறமுள்ள ஒரு படலம் படிந்தது. அதற்குள் நனோமீற்றர் அளவுத் துளைகள் நிறைந்திருப்பது பின்னர்தான் தெரியவந்தது. 1990இல் பிரித்தானியாவின் மால்வேர்னில் லீ கான்ஹம், இந்தப் படலத்தில் பச்சை அல்லது நீல லேசர் ஒளி பட்டால் அறை வெப்பநிலையிலேயே சிவப்பாக ஒளிர்கிறது என்று காட்டினார். அன்றிலிருந்துதான் உலகெங்கும் இதற்கு மவுசு.

ஏன் அவ்வளவு பரபரப்பு? சாதாரண சிலிக்கனில் இலத்திரனும் நேரேற்றத் துளையும் (இலத்திரன் இல்லாத இடம், அரித்துப் போடும் நுண்துளை அல்ல) சேரும்போது சக்தி சரியாக இருந்தாலும் உந்தம் பொருந்துவதில்லை. பளிங்கின் அதிர்வு வந்து உதவினால்தான் ஒளி வெளிவரும், அது அரிது. அதனால் சக்தி பெரும்பாலும் வெப்பமாகிவிடுகிறது. துளைகளுக்கு இடையில் மிஞ்சும் சுவர் சில நனோமீற்றருக்குச் சுருங்கும்போது அதற்குள் அடைபட்ட இலத்திரனுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. சக்தி இடைவெளியும் 1.12 இலத்திரன்வோல்ற்றிலிருந்து கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குரிய பொருள் அப்படித்தான் செவ்வொளி தருகிறது.

### செய்யும் விதம்

பின்னால் வரும் நன்மை தீமை எல்லாம் செய்முறையில்தான் இருக்கின்றன. போரன் கலந்த பி வகைச் சிலிக்கன் தகட்டின் ஒரு துண்டு ரெஃப்லோன் கிண்ணத்தின் அடியில் நேர்மின்வாயாக இருக்கும். மேலே பிளாற்றினக் கம்பி எதிர்மின்வாய். இடையில் ஐதரோபுளோரிக் அமிலமும் எதனோலும் கலந்த திரவம். எதனோல் இருந்தால் உண்டாகும் ஐதரசன் குமிழிகள் மேற்பரப்பில் ஒட்டாமல் விலகும், திரவமும் துளைக்குள் நன்றாக இறங்கும். சதுர சென்றிமீற்றருக்குச் சில மில்லிஅம்பியரிலிருந்து நூறு மில்லிஅம்பியர் வரை மின்னோட்டம் கொடுப்பது வழக்கம்.

சிலிக்கன் கரைவதற்கு நேரேற்றத் துளைகள் மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டும். ஏற்கெனவே மெலிந்த சுவர்களுக்குள் அவை வருவதில்லை, நுண்துளையின் அடிமுனைக்கே வருகின்றன. ஆகவே அரிப்பு கீழ்நோக்கியே நடக்கும், மேலே முடிந்த அடுக்கு அப்படியே இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த நொடியில் அரிபடும் அடுக்கில் மட்டும் வெற்றிடம் கூடுகிறது, முறிவுச்சுட்டி (ஒளியின் வேகத்தைப் பொருள் எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) குறைகிறது. குறைத்தால் மறுபடி அடர்த்தியான அடுக்கு. முறிவுச்சுட்டி மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளியில் ஒரு பங்கு தெறிக்கும், ஆகவே மின்னோட்டத்தை மாற்றி மாற்றியே ஓர் ஆடியைச் சிலிக்கனுக்குள் செதுக்கிவிடலாம்.

கணக்கோடு பாருங்கள். 600 நனோமீற்றர் செவ்வொளியைத் தெறிக்கச் செய்ய வேண்டும். ஓரடுக்கின் முறிவுச்சுட்டி 2.0, மற்றதினது 1.5 என்று வைப்போம். கால் அலைநீளத் தடிப்பு (அலைநீளத்தின் காற்பங்கை முறிவுச்சுட்டியால் வகுத்தது) முதலாவதற்கு 75, இரண்டாவதற்கு 100 நனோமீற்றர். உறிஞ்சலைக் கணக்கில் எடுக்காவிட்டால் பத்துச் சோடியிலேயே 95 சதவீதத்துக்கு மேல் தெறிப்பு வரும். ஓர் அடுக்கு சில நொடியில் அரிபடுவதால் முழு ஆடியும் நிமிடக் கணக்கில் முடியும். மற்ற எந்த வழியிலும் இந்த வேகம் கிடையாது.

### எதில் கெட்டி, எதில் பலவீனம்

ஒளி உண்டாக்குவதில் பலவீனம். 1996இல் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகக் குழு நுண்துளைச் சிலிக்கன் ஒளிகாலும் இருவாயியை (எல்.இ.டி.) திரான்சிஸ்ரரோடு ஒரே சில்லில் இணைத்துக் காட்டியது பெரிய சாதனைதான். ஆனாலும் மின்சாரத்தை ஒளியாக்கும் திறன் சதவீதத்தில் பத்திலொரு பங்களவே இருந்தது. 2000இல் ஜப்பானில் கெலோஸ், கொஷிடா இருவரும் மின்வேதி ஒட்சியேற்றம் செய்து ஒரு சதவீதத்தைத் தாண்டினார்கள். கடையில் வாங்கும் நல்ல நீல எல்.இ.டி. ஐம்பது சதவீதத்துக்கு மேல் தருகிறது. போதாததற்கு இதன் ஒளிர்வு அடங்க மைக்ரோசெக்கன் கணக்கில் எடுக்கும். வேகமான தரவுத் தொடர்புக்கு இது சரிவராது.

உணர்வதில் கெட்டி. நம் பழைய வீட்டுச் சுவர்களில் இருக்கும் முருகைக்கல்லைப் போல இது உள்ளே முழுக்கப் பொந்து. ஒரு கன சென்றிமீற்றருக்குள் சில நூறு சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கிறது. பச்சையாகத் தெரியும் ஆடித் துண்டில் ஒரு துளி எதனோல் விட்டால் காற்றிருந்த இடத்தில் 1.36 முறிவுச்சுட்டியுள்ள திரவம் புகுந்து, நிறம் செம்மஞ்சள் பக்கம் ஓடும். துளி ஆவியானதும் பச்சை திரும்பும். அதை அளக்க உங்களுக்கு ஒரு சிறு நிறமாலைமானி போதும். மைக்கல் செய்லர் உள்ளிட்ட அமெரிக்கக் குழு 1997இல் இதே தலையீட்டு விளைவை (படலத்தில் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் காட்டுவது) வைத்து உயிர்மூலக்கூறுகளை உணர்ந்து காட்டியது. கள் புளிக்கும்போது எழும் எதனோலை அளக்கும் ஓர் உணரியை இங்கே யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நீராவியும் அதே துளைக்குள் புகும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவதுதான் அதில் உண்மையான ஆய்வு.

### மறைசெலவு

புதிதாகச் செய்த மேற்பரப்பில் சிலிக்கனோடு ஐதரசன் பிணைந்திருக்கும். காற்றில் வைத்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஒட்சியேறும், நிறமும் ஒளிர்வும் நகர்ந்துகொண்டே போகும். மார்கழியில் அளந்த துண்டு சித்திரையில் வேறு எண் காட்டும். வெப்பத்தால் முன்கூட்டியே ஒட்சியேற்றியோ, கரிமச் சங்கிலிகளைப் பிணைத்தோ நிலைப்படுத்தாமல் தரவு சேர்க்காதீர்கள்.

நடுவில் கரண்ட் போனால் அந்தத் துண்டு அவ்வளவுதான். மாறா மின்னோட்ட வழங்கிக்குப் பின்னால் யு.பி.எஸ். கட்டாயம்.

இப்போது அமிலம். ஐதரோபுளோரிக் அமிலம் கண்ணாடியைக் கரைக்கும், ஆகவே கண்ணாடிப் பாத்திரம் எதுவும் உதவாது. தோலில் பட்டால் வலி சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். அதற்குள் புளோரைட்டு உள்ளே இறங்கி இரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துவிடும், இதயம் நிற்கும் அளவுக்கு. கல்சியம் குளுக்கனேற்றுக் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத கூடத்தில் போத்தலைத் திறக்கவே கூடாது. வேலை தொடங்க முதல் போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவோடு பேசி வையுங்கள். தனியாக ஒருவர் வேலை செய்யக் கூடாது.

கழிவைப் பற்றிச் சொல்லும்போது என்னால் குரலைத் தணிக்க முடிவதில்லை. 48 சதவீத அமிலமும் எதனோலும் சரிபாதி கலந்த 100 மில்லிலீற்றர் திரவத்தில் ஏறத்தாழ 26 கிராம் புளோரைட்டு இருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், 17,000 லீற்றருக்கு மேல் வரும். மூன்று மீற்றர் விட்டமும் இரண்டரை மீற்றர் நீரும் உள்ள ஒரு வளவுக் கிணறு முழுதும் அந்த எல்லைக்கு வந்துவிடும், ஒரு தேநீர்க் கோப்பையளவு திரவத்தால்.

"கீழே சுண்ணாம்புக்கல்தானே, அமிலத்தை அதுவே முறித்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். முறிக்கும், கல்சியம் புளோரைட்டும் உண்டாகும். ஆனால் அந்தக் கல்சியம் புளோரைட்டே தூய நீரில் கரைந்து லீற்றருக்கு எட்டு மில்லிகிராமளவு புளோரைட்டைத் தரும், குடிநீர் எல்லையின் ஐந்து மடங்கு. மேலும் நம் கல் வெடிப்பும் குகையுமாகக் கிடக்கிறது. ஊற்றியது முறிபடும் முன்பே அடுத்த வளவுக்குப் போய்விடலாம். பசளை நைத்திரேற்றையும் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெயையும் கண்ட ஊர் இது. பிளாஸ்ரிக் கலத்தில் மிகையான சுண்ணாம்புக் கூழால் முறித்து, வீழ்படிவையும் மேல்நீரையும் தனித்தனியே அடைத்துச் சேமித்து, பொறுப்பேற்கும் ஒருவரிடம் கையளிக்க ஏற்பாடு இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். அந்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

### உமியிலிருந்து?

இதையும் கேட்கிறார்கள். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதை மக்னீசியத்தோடு 650 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் நுண்துளைச் சிலிக்கன் கிடைப்பது உண்மை. ஆனால் கிடைப்பது தூள். மின்கல ஆய்வுக்கு அருமையான பொருள், கிளிநொச்சி நெல்லுக்கு நல்ல எதிர்காலம். ஆடியோ வடிகட்டியோ அடுக்கடுக்காகச் செய்ய அது உதவாது.

## வழி இரண்டு: வாங்கிச் சுற்றமைத்தல்

காலியம் ஆசனைட்டு, காலியம் நைத்திரைட்டு போன்ற சேர்வைக் குறைகடத்திகள் இயல்பாகவே ஒளிதருபவை, உந்தச் சிக்கல் அவற்றுக்கு இல்லை. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்பளிங்குகளை வளர்க்கும் உலைகளையும் ஆசீன் போன்ற நச்சு வாயுக்களையும் இங்கே யோசிக்கவே வேண்டாம். ஆனால் முடிந்த கூறு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒளி உண்டாக்குவதுதான் தேவை என்றால் விவாதமே இல்லை, இதுதான் வழி. மறைசெலவு ஒன்றே: பொருளியலில் புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆய்வின் புதுமை சுற்றிலோ பயன்பாட்டிலோ இருக்க வேண்டும்.

## வழி மூன்று: இங்கே வடிவமைத்து வெளியே செய்வித்தல்

சிலிக்கன் ஒட்சைட்டின் மேல் 220 நனோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கன் படலத்தில், அரை மைக்ரோமீற்றர் அகலத்தில் ஒளிவழி வெட்டுவது இன்று உலக வழக்கம். 1550 நனோமீற்றரில் சிலிக்கனின் முறிவுச்சுட்டி 3.48, ஒட்சைட்டினது 1.44. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒளி சில மைக்ரோமீற்றர் ஆரையிலும் வளைந்து போகும். ஒளியைக் கொண்டுபோவதில் இதை அடிக்க ஆளில்லை. நுண்துளைச் சிலிக்கனிலும் ஒளிவழி செய்யலாம், ஆனால் சிதறலால் இழப்பு அதிகம்.

இதில் யாழ்ப்பாணத்துக்கு நல்ல செய்தி, வடிவமைப்பு முழுவதும் மடிக்கணினியில் நடக்கும். மீப், கேலேஅவுட் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். அமிலம் இல்லை, கழிவு இல்லை, கரண்ட் போனாலும் கோப்பு இருக்கும். பல குழுக்களின் வடிவங்களை ஒரே தகட்டில் சேர்த்துச் செய்யும் பகிர்வுத் திட்டங்களில் இடம்பிடிக்க ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும், சில்லு கையில் கிடைக்க மாதங்கள் ஆகும்.

சில்லு வந்து சேர்ந்த பிறகுதான் பலருக்குத் திகைப்பு. தலைமயிரளவுக் கண்ணாடி நாரை மைக்ரோமீற்றர் துல்லியத்தில் அதன்மேல் பொருத்த வேண்டும். அலைநீளம் மாற்றக்கூடிய 1550 நனோமீற்றர் லேசர் வேண்டும். அந்த அளவீட்டு மேசை சில்லை விட விலை கூடியது. ஆகவே ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் கணினி உருவகப்படுத்தலோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான திட்டம்.

## வழி நான்கு: டைட்டேனியம் டையொக்சைட்டும் சிலிக்காவும்

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. எனக்கோ இதுதான் நம் மண்ணுக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை நனோ டைட்டேனியம் டையொக்சைட்டுச் சூரியக்கலங்களில் நீண்டகாலம் வேலை செய்து வருகிறது. பூசும் பழக்கமும் 450 பாகை செல்சியசில் சுடும் பழக்கமும் இந்த ஊர்க் கைகளுக்குப் புதிதல்ல.

டைட்டேனியம் ஐசோபுறொப்பொக்சைட்டிலிருந்து ஒரு கரைசல், சிலிக்காவுக்கு இன்னொன்று. கண்ணாடித் தகட்டைச் சுழற்றிப் பூசி, சுட்டு, மறுபடி பூச வேண்டும். இப்படிச் சுட்ட டைட்டேனியம் டையொக்சைட்டின் முறிவுச்சுட்டி 2.1 என்றும் சிலிக்காவினது 1.45 என்றும் வைத்தால் ஐந்து சோடியிலேயே தெறிப்பு 90 சதவீதத்தைத் தாண்டும். வேறுபாடு பெரிது என்பதால் குறைந்த சோடியே போதும். செய்து முடித்தது ஒட்சைட்டு, அதற்கு மேல் ஒட்சியேற ஒன்றும் இல்லை. உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றின் ஈரமே ஐசோபுறொப்பொக்சைட்டைப் பால்போல் கலங்கச் செய்துவிடும். உலர்ந்த பெட்டி இல்லாதவர்கள் பூச்சு வேலையைப் பங்குனிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு கூடக் கூட வெடிப்பு விழும், அதனால் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். நுண்துளைச் சிலிக்கனில் நிமிடங்களில் முடிவது இங்கே நாட்கணக்கில் இழுக்கும். இதிலும் துளைகள் இருப்பதால் ஆவியை உணரும், ஆனால் நிறமாற்றம் பொதுவாகச் சிறிது.

| | நுண்துளைச் சிலிக்கன் | வாங்கிய எல்.இ.டி., லேசர் | வடிவமைத்த சில்லு | டைட்டேனியம்–சிலிக்கா அடுக்கு |
|---|---|---|---|---|
| ஒளி உண்டாக்க | பலவீனம் | மிக நன்று | தானாக முடியாது | முடியாது |
| வடிக்க, தெறிக்க | நன்று | பொருந்தாது | நன்று | மிக நன்று |
| கொண்டுபோக | இழப்பு அதிகம் | பொருந்தாது | மிக நன்று | பொருந்தாது |
| உணர | மிக நன்று | ஒளிமூலமாக உதவும் | நன்று | ஓரளவு |
| கழிவு | கடும் சிக்கல் | இங்கே இல்லை | இங்கே இல்லை | சமாளிக்கலாம் |
| மறைசெலவு | பாதுகாப்பு, நிலைப்படுத்தல் | புதுமை குறைவு | அளவீட்டு மேசை | காலம், மாரி ஈரம் |

## யாருக்கு எது

பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கோ உயர்தரச் செயன்முறைக்கோ கேட்கும் ஆசிரியர்களுக்கு: இரண்டாவது வழி. ஐதரோபுளோரிக் அமிலம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வரக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கணினியில் விருப்பமும் பொறுமையும் உள்ள பொறியியல் மாணவருக்கு மூன்றாவது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் திறமை கைகொடுக்கும்.

கையால் ஒரு கூறு செய்து, ஒளி அதில் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படும் பௌதிகவியல் மாணவருக்கு நான்காவது. பத்து மாதத்துக்குள் ஆடியும் செய்யலாம், அதன் கோணச் சார்பையும் அளக்கலாம், ஆய்வறிக்கையும் எழுதி முடிக்கலாம்.

நுண்துளைச் சிலிக்கனைத் தெரிவு செய்ய வேண்டியவர், துளை இல்லாமல் தன் ஆய்வே இல்லை என்ற நிலையில் இருப்பவர்: ஆவி உணரி, உயிர்மூலக்கூறு உணரி, மருந்தைத் தாங்கும் துணிக்கை போன்றவை. ஒளிர்கிறது என்பதற்காக மட்டும் இதற்குள் இறங்க வேண்டாம்.

அப்படித் துளைதான் வேண்டும், கழிவு ஏற்பாடு இல்லை என்றால், அரிப்பை அந்த அமிலத்துக்கு முறையான வசதியுள்ள வேறொரு கூடத்தில் செய்வித்து அளவீட்டை இங்கே செய்யுங்கள். உணரி ஆய்வில் அறிவு பெரும்பாலும் அளவீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. அனுப்புபவர்களிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். துண்டுகளை வெப்பத்தால் ஒட்சியேற்றி, ஈரம் புகாத உறையில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மில்லிஅம்பியர் எத்தனை நொடி என்ற பதிவு வேண்டும். அரிப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்த எடையும் வேண்டும், ஏனென்றால் அடுக்கின் தடிப்போடு சேர்த்து வெற்றிட விகிதத்தை அதிலிருந்து கணிக்கலாம். இவை இல்லாமல் வரும் துண்டு எவ்வளவு அழகாக மின்னினாலும் அதை வைத்து முறிவுச்சுட்டிக் கணக்கைத் தொடங்க முடியாது.